காரைக்குடியில் கல்லீரல் எம்.ஆர்.ஐ.: ஒரு ஸ்கேன் மையத்தின் சேவை

தேவகோட்டையில் எடுத்த அல்ட்ராசவுண்டில் என் தம்பி மகனின் கல்லீரலில் கட்டி இருப்பது மட்டுமே தெரிந்ததால், அது எவ்வகை என்று அறியக் காரைக்குடியில் உள்ள ஒரு ஸ்கேன் மையத்துக்கு அவனை அழைத்துச் சென்றேன். சாய மருந்து செலுத்துமுன், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவைச் சரிபார்த்தார்கள். மூச்சு அசைந்தால் படம் கலங்கிவிடும் என்பதால் மூச்சை அடக்கவும் இருமுறை பழக்கினார்கள்.

கதிரியக்க மருத்துவர் படங்களைத் திரையில் காட்டியே விளக்கினார். வழக்கமான கல்லீரல் செல் புற்றுநோய் சாயம் தமனி வழியே வந்துசேரும் முதல் கட்டத்தில் (தமனிக் கட்டம்) பளிச்சிட்டு, பின்னர் சுற்றியுள்ள திசுவைவிட மங்கும். கல்லீரலுக்குள் தோன்றும் பித்தநாளப் புற்றுநோயோ முதலில் விளிம்பில் சாயத்தை ஏற்று, நேரம் செல்லச் செல்ல நடுப்பகுதியில் தேக்கிக்கொள்ளும். இளையோருக்கு வரும் அரிய ஃபைப்ரோலாமெல்லர் வகைக் கல்லீரல் புற்றுநோயின் நடுவே உள்ள தழும்பு, டி2 எனப்படும் ஒருவகை எம்.ஆர்.ஐ. படத்தில் பெரும்பாலும் கறுப்பாகவும், அதைப் போலவே தோன்றும் எஃப்.என்.எச். என்ற புற்றல்லாத கட்டியின் தழும்பு பெரும்பாலும் வெண்மையாகவும் தெரியும் என்றார். எங்கள் பிள்ளைக்கு வெண்மையாகவே இருந்தது. கல்லீரல் செல்கள் ஈர்த்துக்கொள்ளும் சாயத்தைச் செலுத்தி 20 நிமிடம் கழித்து எடுத்த படத்திலும் கட்டி அதைத் தக்கவைத்திருந்தது; இதுவும் எஃப்.என்.எச். என்பதையே காட்டுகிறது என்றார். அதைக் கேட்ட பிறகுதான் என் கைநடுக்கம் நின்றது.

படங்கள் அடங்கிய குறுந்தகட்டை இருமுறை கேட்டே பெற வேண்டியிருந்தது ஒரு குறை. மேல்சிகிச்சைக்கு மதுரை செல்வோருக்கு அறிக்கையைவிட அப்படங்களே முக்கியம். அதைக் கேட்காமலே கொடுத்துவிட வேண்டும்.