சப்வெர்ஷனா, கிட்டா: சர்வரில் ஓடுவது எந்தப் பதிப்பு?

மதுரை காளவாசலில் ஐந்து பேர் பணிபுரியும் எங்கள் அலுவலகம், கீழமாசி வீதியின் மொத்த மளிகைக் கடைகளுக்காக எழுதிய பில்லிங் மென்பொருளை எட்டு ஆண்டுகள் சப்வெர்ஷனில் வைத்திருந்துவிட்டு, சென்ற ஆண்டுதான் கிட்டுக்கு மாறியது (இரண்டுமே நிரல் கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் மென்பொருள்கள்). ஆகவே நான் கிட் பக்கம் சாய்ந்தே எழுதுகிறேன்.

கற்றுக்கொள்வதற்குச் சப்வெர்ஷனே எளிது. ஒவ்வொரு பதிவுக்கும் அது தரும் ரிவிஷன் எண் 4168, 4169 என்று வரிசையாக ஏறுவதால் தொலைபேசியிலேயே சொல்லிவிடலாம். கிட் ஒவ்வொரு பதிவுக்கும் அடையாளமாகத் தரும் 40 எழுத்து ஹேஷை அப்படி ஒப்பிக்க முடியாது. இணையம் இல்லாமலும் கிட்டில் கமிட் செய்யலாம் (மாற்றத்தைப் பதிவு செய்யலாம்) என்பது எல்லோரும் அறிந்ததே.

எங்களை மாறச் செய்தது வேறொன்று. சப்வெர்ஷனில் ஒரே வொர்க்கிங் காப்பிக்குள் (ஒரு கணினியில் எடுத்து வைத்த பிரதிக்குள்) ஒவ்வொரு கோப்பும் வெவ்வேறு ரிவிஷனில் இருக்கலாம். அதை அது பிழையாகக் கருதுவதில்லை. ஒரு வியாழக்கிழமை மாலை, அவசரத் திருத்தத்துக்காக வரிக்கணக்குக் கோப்பை மட்டும் சர்வரில் அப்டேட் செய்தேன். அது நம்பியிருந்த ரவுண்டிங் கோப்பு பழைய ரிவிஷனிலேயே நின்றுவிட்டது. ஸ்டேட்டஸ் கட்டளை எதையும் காட்டவில்லை, ஏனெனில் அதன் கணக்கில் எந்தக் கோப்பும் திருத்தப்படவில்லை. மறுநாள், "தம்பி, பில்லுக்குப் பில் பைசா இடிக்குதே" என்று கடைக் கணக்கப்பிள்ளை அழைத்த பிறகு எஸ்விஎன்வெர்ஷன் கட்டளையை ஓட்டியபோதுதான் 4120:4168 என்ற விடை வந்தது, அதாவது 4120 முதல் 4168 வரையிலான ரிவிஷன்கள் கலந்து கிடந்தன.

கிட்டில், ஒப்பிக்க முடியாத அந்த ஹேஷ்தான் கைகொடுக்கிறது. அது அந்தக் கமிட்டிலுள்ள எல்லாக் கோப்புகளின் உள்ளடக்கத்தையும் சேர்த்துக் கணக்கிடப்படுவதால், ஒரு கோப்பில் ஓர் எழுத்து வேறுபட்டாலும் அது வேறொரு கமிட்டாகிவிடும். ஒரு டேகை (பெயரிட்டுக் குறித்து வைத்த கமிட்டை) செக்அவுட் செய்தால், அதாவது சர்வரில் எடுத்து வைத்தால், தொகுதி முழுவதும் ஒன்றாக நகர்கிறது. ஒரே ஒரு கோப்பை மட்டும் வேறு கமிட்டிலிருந்து எடுத்து வைத்தால், ஸ்டேட்டஸ் உடனே காட்டிக்கொடுக்கும். ரோல்பேக் என்பதும் முந்தைய டேகுக்குத் திரும்புவது மட்டுமே (தரவுத்தள அட்டவணையை மாற்றியிருந்தால் அதற்குத் தனியாக வழி செய்துகொள்ள வேண்டும்).

முழுத் தொகுதியையும் எப்போதும் ஒரே எண்ணுக்கு அப்டேட் செய்யும் ஒழுங்கு இருந்திருந்தால், சப்வெர்ஷனிலும் இது நேர்ந்திராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடைக்காரர் போனில் காத்திருக்கும்போது என்னிடம் அந்த ஒழுங்கு நிற்கவில்லை.

ஒன்றில் மட்டும் இன்னும் மாறவில்லை. லேபிள் வடிவமைப்புக் கோப்புகளை மெர்ஜ் செய்ய (இருவரின் மாற்றங்களை ஒன்றாக்க) இயலாததால், ஒருவர் பூட்டிவிட்டு வேலை செய்யும் வசதிக்காக அவை சப்வெர்ஷனிலேயே இருக்கின்றன. பெரிய கோப்புகளுக்கான கிட்டின் இணைப்பான எல்எஃப்எஸ்ஸிலும் பூட்டு உண்டு. இரண்டு வாரமே பயன்படுத்தியிருப்பதால் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை.