சென்னையில் வீடு தேடி வரும் சாப்பாடு: தள்ளுபடி போன பின்னும் விடாத வழக்கம்

சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்குச் சென்னை வருவோருக்கு உணவு விநியோகச் செயலிகளில் முதலில் எதிர்ப்படும் தடை பணம் செலுத்துவதுதான். 2023இல் சிங்கப்பூர் உள்ளிட்ட பத்து நாடுகளின் கைப்பேசி எண்களுக்கு, கைப்பேசி வழியே உடனடியாகப் பணம் செலுத்தும் இந்திய முறையான யுபிஐ அனுமதிக்கப்பட்டதால், வெளிநாடுவாழ் இந்தியருக்கான (என்ஆர்ஐ) வங்கிக் கணக்கு உள்ளவர்களுக்கு அந்தத் தொல்லை பெருமளவு தீர்ந்துவிட்டது.

நங்கநல்லூரில் அக்கா வீட்டில் இரவு டிபன் பெரும்பாலும் செயலி வழியாகவே வருகிறது. ஸ்விகி 2014இல் பெங்களூரில் தொடங்கிய காலத்திலும், ஸொமாட்டோ மறு ஆண்டு விநியோகத்தில் இறங்கியபோதும், மக்களை இழுத்தது தள்ளுபடிதான். 2020 ஜனவரியில் ஊபர் ஈட்ஸ் தன் இந்தியத் தொழிலை ஸொமாட்டோவிடம் விற்றுவிட்டு வெளியேறிய பிறகு களத்தில் பெரிதாக இருவரே மிஞ்சினர். இன்றோ சாப்பாட்டு விலையோடு பேக்கிங் கட்டணம், 2023 முதல் செயலி தனக்கென வாங்கும் பிளாட்பார்ம் கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் சேர்கின்றன. பல கடைகளின் விலையும் நேரில் இருப்பதைவிடச் செயலியில் கூடுதல். அப்படியிருந்தும் யாரும் விடுவதாகத் தெரியவில்லை.

அக்கா மகன் இரண்டு செயலிகளிலும் அதே பிரியாணியைக் கூடையில் போட்டு, கூப்பன் கழித்த மொத்தத் தொகையை ஒப்பிட்டுவிட்டுத்தான் ஆர்டர் செய்கிறான். அவனுடைய விசுவாசம் கடையிடம் மட்டுமே. மாமா உறுப்பினர் கட்டணம் செலுத்தியிருப்பதால், கட்டிய காசு வீணாகக் கூடாதென்று ஒரே செயலியை விடாமல் பயன்படுத்துகிறார். அம்மாவின் காரணம் வேறு. "பிள்ளையார் கோயில் எதிர்ச் சந்து, பச்சை கேட், பெல் அடிக்க வேண்டாம்" என்ற குறிப்பு அவருடைய செயலியில் ஏற்கெனவே பதிந்திருக்கிறது. அதை இன்னொன்றில் மீண்டும் தட்டச்சு செய்ய அவருக்குப் பொறுமையில்லை.

இவை எல்லாவற்றையும்விட, தவறு நேரும்போது அதை எப்படிக் கையாளுகிறார்கள் என்பதே வாடிக்கையாளரைத் தக்கவைக்கிறது என்பது என் கணிப்பு. ஒரு காலை இட்லிப் பொட்டலத்தில் வடை இல்லை. சீல் பிரித்த பொட்டலத்தைப் படமெடுத்து அனுப்பியதும், நாங்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் வடைக்கான தொகை திரும்பி வந்தது. இன்னொரு நிறுவனத்திலோ, சட்னி கொட்டிய புகாருக்கு இயந்திர அரட்டை ஒரே வருத்தத்தைத் திரும்பத் திரும்பத் தெரிவித்தது. அன்றே அக்கா அந்தச் செயலியை நீக்கிவிட்டார்.

கடைக்காரர்களின் கணக்கு வேறு. செயலிகள் பிடிக்கும் கமிஷன் கட்டுப்படியாகவில்லை என்று 2025 ஜூலையில் நாமக்கல் ஓட்டல் உரிமையாளர்கள் ஸ்விகி, ஸொமாட்டோ இரண்டிலும் விற்பனையை நிறுத்தினார்கள். அக்கா வாங்கும் தெருமுனை மெஸ்ஸும் தன் தொலைபேசி எண் அச்சிட்ட அட்டையை ஒவ்வொரு பொட்டலத்திலும் செருகி அனுப்புகிறது. நேரடியாக அழைத்தால் விலை குறைவு, கூடுதலாக ஒரு கரண்டி சாம்பாரும் கிடைக்கிறது. ஆனால் மெஸ் பையன் எங்கே வருகிறான் என்று வரைபடத்தில் பார்க்க முடியாது என்பதால் அம்மா அந்த அட்டையைத் தொடுவதே இல்லை.