பட்டாணி உரிக்கிறதா, சப்பாத்தி மாவா?

கோத்தகிரி குளிர்ல வீட்டுக்குள்ளயே கிடக்குற மூணரை வயசு வாண்டுக்கு, கைவிரல் பழகட்டும்னு ரெண்டையும் குடுத்துப் பாத்தாச்சு. மாவுல உள்ளங்கைக்கும் விரலுக்கும் நல்ல பலம், நசுக்கி உருட்டி பாம்பு பண்ணி மழுங்கின கத்தரிக்கோலால வெட்டுறவரைக்கும் போகலாம், ஆனா இங்க காலைல மாவு கல்லு மாதிரி இறுகிடுது, வெந்நீர் விட்டு பிசைஞ்சாதான் பிஞ்சுக் கைக்கு அமுங்கும்.

பட்டாணி வேற கதை. நுனிய கிள்ளி, ரெண்டு கட்டைவிரலாலயும் பிளந்து, ஒவ்வொரு மணியா கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேத்து எடுக்கணும், பின்னாடி பென்சில் பிடிக்க அடிப்படையே அந்தப் பிடிதான், ஒரு கை தாங்க இன்னொரு கை வேலை செய்யுறதும் கூடவே பழகிடும். மூணு வயசுக்கு கீழன்னா மாவு மட்டும்தான், பட்டாணி தொண்டைல சிக்கிக்கும், பெரிய வாண்டுன்னாலும் பக்கத்துலயே உக்காருங்க. என் ஓட்டு பட்டாணிக்கு, குருமா வேலையும் பாதி முடிஞ்சிடுதுல்ல!