அடுத்த புத்தகம்: விருதுப் பட்டியலா, இணையக் கடையா, நண்பரா?

பெங்களூரில் இருந்துகொண்டு தமிழில் வாசிப்பவர் அடுத்த புத்தகத்தை எங்கிருந்து பிடிப்பது? விருதுப் பட்டியலைப் பார்க்கலாம், இணையக் கடை நீட்டுவதை வாங்கலாம், கடைகளில் துழாவலாம், நண்பர்களைக் கேட்கலாம். எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டு, இப்போது பெரும்பாலும் நண்பர்களைத்தான் கேட்கிறேன். ரயில் பயணத்துக்கு ஒரு கதை போதும் என்பவருக்கு எந்த வழியும் சரிதான். மூடி வைத்த பிறகும் மனத்தைக் குடைகிற புத்தகம் வேண்டுமென்றால்தான் வேறுபாடு தெரிகிறது.

விருதுப் பட்டியலைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சாகித்திய அகாதெமி 24 மொழிகளுக்கு விருது தருகிறது. பிற மொழிகளில் யார் எழுதுகிறார்கள் என்று அறிய அதைவிட நல்ல வாசல் இல்லை. ஆனால் அங்கே அண்மை ஆண்டுகளில் வந்த நூல்கள்தான் போட்டியில் இருக்கும். அறுபது ஆண்டுகளுக்கு முன் வெளிவந்து இன்றும் சூடு ஆறாத நாவலை இந்த ஆண்டின் பட்டியல் உங்களுக்குச் சொல்லாது.

இணையக் கடையின் பரிந்துரை வேறு வகை. இதை வாங்கியவர்கள் வேறு எதை வாங்கினார்கள் என்று கணக்குப் பார்த்து அடுத்ததை நீட்டுகிறது. ஒரு சரித்திர நாவலை வாங்கினால் வரிசையாகச் சரித்திர நாவல்கள் வந்து நிற்கும். நான் வாங்கியது அதற்குத் தெரியும். அந்த அச்சுப் பிரதியைப் பாதியில் மூடி வைத்ததோ, உறவினருக்குப் பரிசாகக் கொடுத்ததோ தெரியாது. என் விருப்பத்தை ஒட்டியே தேடித் தருகிற ஏற்பாடு, என் விருப்பத்துக்கு எதிரே நிற்கும் புத்தகத்தை எப்படிக் கொண்டுவரும்?

கடைகள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சர்ச் தெருவில் பிளாசம், புக்வர்ம் இரண்டிலும் பழைய புத்தகங்களுக்கு நடுவே ஒரு மாலை போவதே தெரியாது. ஆனால் அங்கே ஆங்கிலத்தின் ஆட்சிதான். தமிழுக்கு அல்சூர் ஏரிப் பக்கம் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. என்ன வேண்டும் என்று தெரியாமல் போகிற நாளுக்கு இவை போதும்.

இனி நண்பர்கள். இங்கே என்னைப் பொறுத்தவரை ஒரே ஒரு காரணம் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிடுகிறது: சொல்கிறவரை எனக்குத் தெரியும். அவருக்கு எது பிடிக்கும் என்பதைவிட, அவருடைய சாய்வு எந்தப் பக்கம் என்பது தெரியும். வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவருக்குக் கதை ஓட வேண்டும். "நூறு பக்கம் தாண்டியும் ஒன்றுமே நடக்கவில்லை, சார்" என்று அவர் அலுத்துக்கொண்டால், அந்தத் தலைப்பை உடனே குறித்துக்கொள்கிறேன். எனக்கு வேண்டியது பெரும்பாலும் அப்படிப்பட்ட புத்தகம்தான். முன்பின் தெரியாதவர் போடும் இரண்டு நட்சத்திரத்தை இப்படிப் படிக்க வழியில்லை. அவர் எதற்காகக் குறைத்தார் என்று திருப்பிக் கேட்கவும் முடியாது.

நண்பர்களிலும் நம்மோடு ஒத்துப் போகிறவர், முரண்படுகிறவர் என்று இரு வகை. ஒத்துப் போகிறவர் தரும் புத்தகம் இனிக்கும். ஆனால் நாம் ஏற்கெனவே நினைத்திருப்பதை இன்னும் அழகாகச் சொல்லிவிட்டு முடிந்துபோகும். என்னை உலுக்கியவை பெரும்பாலும் முரண்படுகிறவர்களிடமிருந்து வந்தவை. கன்னட நண்பர் ஒருவரோடு சடங்குகள் பற்றி வாக்குவாதம் வந்தபோது, அவர் தன் பதிலாக யூ.ஆர். அனந்தமூர்த்தியின் 'சம்ஸ்காரா'வைப் படிக்கச் சொன்னார். 1965இல் வந்த கன்னட நாவல். ஆசாரங்களை எல்லாம் மீறி வாழ்ந்தவன் அக்கிரகாரத்தில் இறந்துவிடுகிறான். அவனுக்கு யார் ஈமக்கடன் செய்வது என்று தெரியாமல் பிணம் கிடக்கிறது. "முதலில் இதற்கு நீங்கள் ஒரு விடை சொல்லுங்கள், பிறகு சண்டையைத் தொடரலாம்" என்றார். எந்தப் பட்டியலும் இப்படி ஒரு கேள்வியோடு புத்தகத்தை என் கையில் வைத்ததில்லை. இந்த ஊரில் இருப்பதன் பெரிய லாபமும் இதுதான்: பக்கத்து மேசைக்காரர் கன்னடத்தில் வாசிக்கிறவராக இருப்பார். எஸ்.எல். பைரப்பாவின் 'பர்வ'வைப் பாவண்ணன் 'பருவம்' என்று தமிழில் தந்திருப்பதுபோல் மொழிபெயர்ப்புகளும் இருக்கின்றன.

குறை இல்லாமல் இல்லை. ஒரே வயது, ஒரே வேலை, ஒரே வட்டம் என்றால் ஒரே பத்துப் புத்தகங்கள்தான் சுற்றிச் சுற்றி வரும். அப்போது விருதுப் பட்டியலுக்குத்தான் திரும்ப வேண்டும். பிடிக்கவில்லை என்று நண்பரின் முகத்துக்கு நேரே சொல்லத் தயங்குகிறவர்களுக்கும் இது சங்கடம். வாசிப்புக் குழுக்களில் எனக்குப் பழக்கம் குறைவு. கப்பன் பூங்காவில் சனிக்கிழமைகளில் கூடி ஓசையின்றி வாசிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கிருந்து எத்தகைய நட்பு முளைக்கும் என்பதை, தொடர்ந்து போகிறவர்களிடம் கேட்பதே நியாயம்.

கேட்கிற முறையிலும் கவனம் வேண்டும். வாட்ஸப் குழுவில் "நல்ல புத்தகம் சொல்லுங்கள்" என்று போட்டால், எல்லோருக்கும் தெரிந்த மதிப்பான பெயர்களே வரிசையாக வந்து விழும். ஒருவரைத் தனியாகப் பிடித்து, "சமீபத்தில் எந்தப் புத்தகத்தோடு உங்களால் ஒத்துப்போக முடியவில்லை, ஆனாலும் கீழே வைக்க முடியவில்லை?" என்று கேளுங்கள். ஒரே ஒரு தலைப்பு போதும் என்றும் சொல்லிவிடுங்கள். அவர் சற்று நேரம் யோசித்துச் சொல்லும் பெயரைத்தான் நான் வாங்குவேன்.