கையால் எழுதுவதா, பூட்ஸ்ட்ராப்பா, இழுத்துப் பொருத்தும் கருவியா: முதல் வெப் டிசைன் பாடத்துக்கு எது?

கல்லூரியில் வெப் டிசைன் தொடங்கும் மாணவருக்கு மூன்று வழிகள் உண்டு. பக்கத்தின் உள்ளடக்கத்தை வகுக்கும் எச்டிஎம்எல், தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் இரண்டையும் வரிவரியாகக் கையால் எழுதலாம். தயார்நிலை சிஎஸ்எஸ் தொகுப்பான பூட்ஸ்ட்ராப்பை இணைத்து, அது தரும் கிளாஸ் பெயர்களை வைத்துப் பக்கம் கட்டலாம். தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் எலிமென்டர் போன்ற கருவியைப் போட்டு, பெட்டிகளை இழுத்துப் பொருத்தலாம். மூன்றிலும் கடைசியில் பிரவுசருக்குப் போவது எச்டிஎம்எல்தான். பக்கம் உடைந்தால் ஏன் உடைந்தது என்று கண்டுபிடிக்க எந்த வழி பழக்குகிறது? முதல் பாடத்துக்கு இந்த ஒரு அளவுகோல் போதும். இதை வைத்துப் பார்த்தால் கையால் எழுதுவதற்கே முதலிடம்.

கையால் எழுதும்போது வரும் தொல்லைகள் கோப்பிலேயே ஆரம்பிக்கும். நோட்பேடில் சேமித்த கோப்பு, இண்டெக்ஸ்.எச்டிஎம்எல்.டிஎக்ஸ்டி என்று ஆகிவிடக்கூடும். விண்டோஸ் கடைசி நீட்டிப்பை மறைத்துவைப்பதால் கண்ணுக்குத் தெரியாது. படத்தின் பாதையை சி டிரைவிலிருந்து முழுதாகக் கொடுத்தால், அந்தக் கணினியைத் தாண்டி வேறெங்கும் படம் வராது. கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கலந்திருந்தால் விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் சர்வர் விடாது. ஆய்வகத்தில் தெரிந்த படம் ஏற்றியபின் காணாமல்போவது பெரும்பாலும் இதனால்தான். பெயர்கள் எல்லாம் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். பக்கத்தின் தலைப்பகுதியில் யுடிஎஃப்-8 என்று அறிவிக்கும் மெட்டா வரி விடுபட்டால் தமிழ் எழுத்துகள் கிறுக்கலாக மாற வாய்ப்புண்டு.

அடுத்து பெட்டிக் கணக்கு. அகலம் 300 பிக்சல், இருபுறமும் பேடிங் (உள் இடைவெளி) 20, பார்டர் (விளிம்புக் கோடு) 1 என்று கொடுத்தால் பெட்டி அடைக்கும் இடம் 342. 960 அகலத்தில் மூன்று பெட்டிகளுக்கு 900 போதும் என்று நினைத்திருப்போம். உண்மையில் 1026 தேவைப்படும், மூன்றாவது பெட்டி கீழே விழும். எல்லா உறுப்புகளுக்கும் பாக்ஸ்-சைசிங்கை பார்டர்-பாக்ஸ் என்று மாற்றினால், பேடிங்கும் பார்டரும் 300-க்குள்ளேயே அடங்கிவிடும். இந்த ஒரு கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தவர், பிறகு எந்தப் பக்கம் சிதறினாலும் முதலில் எஃப்12-ஐ அழுத்தி, பிரவுசரின் டெவலப்பர் கருவியில் பெட்டியின் அளவைப் பார்ப்பார்.

பெட்டிகளை அடுக்க, உறுப்பை இடமோ வலமோ ஒதுக்கும் சிஎஸ்எஸ் பண்பான ஃப்ளோட்டை இன்னும் சில பாடத்திட்டங்கள் முன்வைக்கின்றன. பத்திக்குள் படத்தை ஒதுக்கி, எழுத்தைச் சுற்றி ஓடவிடுவதற்கு அது நல்லது. பக்க அமைப்புக்கு அதைக் கற்பது நேர விரயம். மெனு, பட்டன் வரிசை போல ஒரே திசையில் போவதற்கு ஃப்ளெக்ஸ்பாக்ஸ், வரிசையும் நிரலும் (மேலிருந்து கீழாகப் போகும் பிரிவு) சேர்ந்து நிற்க வேண்டிய இடத்தில் கிரிட். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றும் கிரிட்டை 2017-லேயே ஏற்றுவிட்டன, தயங்கத் தேவையில்லை. ஃப்ளெக்ஸ்பாக்ஸில் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. நீளமான சொல்லோ பெரிய படமோ உள்ள பெட்டி சுருங்க மறுத்து, பக்கத்தையே அகலப்படுத்தும். அந்தப் பெட்டிக்கு மின்-வித்த் 0 என்று கொடுத்தால் சுருங்கும். படத்துக்குத் தனியாக மேக்ஸ்-வித்த் 100% வேண்டும்.

பூட்ஸ்ட்ராப் 2011-ல் ட்விட்டரிலிருந்து வெளிவந்தது. ஒரு வரிசையை 12 நிரல்களாகப் பிரிக்கும் அதன் முறை எளிது: கால்-எம்டி-4 (col-md-4) என்ற கிளாஸ் கொடுத்தால் 768 பிக்சலும் அதற்கு மேலும் உள்ள திரையில் மூன்றில் ஒரு பங்கு, அதற்குக் கீழே முழு அகலம். ஒரே மாலையில் கண்ணுக்கு லட்சணமான பக்கம் கிடைத்துவிடும், குழுவாகச் செய்யும் புராஜெக்டில் எல்லோருடைய பக்கமும் ஒரே சாயலில் வரும். இவை உண்மையான பலன்கள்.

ஆனால் பழைய எடுத்துக்காட்டுகளை நகலெடுக்கும்போதுதான் மாணவர்கள் திண்டாடுகிறார்கள். மெனுவைத் திறக்கவைக்கும் பண்பின் பெயர் நான்காம் பதிப்பில் டேட்டா-டாகிள் என்றிருந்தது, 2021-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் டேட்டா-பிஎஸ்-டாகிள் ஆகிவிட்டது. பழைய குறிப்பைப் புதிய பதிப்போடு சேர்த்தால் மெனு பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் திறக்காது, திரையில் எந்தப் பிழைச் செய்தியும் வராது. வரிசைக்கான ரோ கிளாஸை, அதைச் சுற்றி இருக்க வேண்டிய கன்டெய்னர் கிளாஸுக்கு வெளியே வைத்தால் பக்கம் பக்கவாட்டில் உருளத் தொடங்கும். ரோவுக்கு இருபுறமும் 12 பிக்சல் எதிர்மறை மார்ஜின் (வெளி இடைவெளி) உண்டு, அதை ஈடுகட்டுவது கன்டெய்னரின் பேடிங். மார்ஜின் என்றால் என்ன என்று கையால் எழுதிப் பழகாதவருக்கு இந்த விளக்கமே புரியாது. சொந்த சிஎஸ்எஸ் கோப்பை பூட்ஸ்ட்ராப்புக்குப் பிறகு இணைக்க வேண்டும், முன்னால் போட்டால் நீங்கள் கொடுத்த நிறம் தோற்றுப்போகும். இணையம் இல்லாத ஆய்வகத்தில் தேர்வென்றால், இணையத்திலிருந்து கோப்பை எடுக்கும் சிடிஎன் இணைப்பை நம்பாமல் கோப்புகளை இறக்கி ஃபோல்டரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இழுத்துப் பொருத்தும் கருவி, உள்ளடக்கத்தை அடிக்கடி மாற்றும் தளத்துக்கு, அதுவும் கோடிங் தெரியாத ஒருவர் பராமரிக்கப் போகிறார் என்றால், சரியான தேர்வு. முதல் பாடத்துக்கு அது வேண்டாம். சொந்தக் கணினியில் வேர்ட்பிரஸ் ஓட பிஎச்பியும் டேட்டாபேஸும் நிறுவ வேண்டும். முடித்த தளத்தை சர்வருக்கு மாற்றும்போது சொந்தக் கணினியைக் குறிக்கும் லோக்கல்ஹோஸ்ட் முகவரிகள் டேட்டாபேஸிலேயே தங்கி, படங்களும் இணைப்புகளும் அறுந்துபோகும். எழுத்தின் அளவைப் பார்த்துத் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் பழக்கமும் ஒட்டிக்கொள்ளும். முதல்நிலைத் தலைப்பான எச்1-க்கு அடுத்து நான்காம் நிலையான எச்4 வந்தால், திரைவாசிப்பானைக் கொண்டு பக்கத்தைக் கேட்பவருக்கு அமைப்பே குழம்பிவிடும்.

எந்த வழியில் போனாலும் மாணவரே கவனிக்க வேண்டியவை இரண்டு. வியூபோர்ட் மெட்டா வரி இல்லாவிட்டால் கைபேசி பிரவுசர் பக்கத்தை ஏறக்குறைய 980 பிக்சல் அகலமாக எடுத்துக்கொண்டு சுருக்கிக் காட்டும், திரை அகலத்துக்கேற்ப தோற்றத்தை மாற்றக் கையால் எழுதிய மீடியா குவெரியும் வேலை செய்யாது, பூட்ஸ்ட்ராப்பின் நிரல்களும் மடங்காது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 நிறவேறுபாடு தேவை. வெள்ளையில் #999999 சாம்பல் நிறம் அழகாகத் தெரிந்தாலும் 2.85-ஐத் தாண்டாது, #767676 தேறிவிடும்.

பருவம் முழுவதும் ஒரே வழியில் இருக்க வேண்டியதில்லை. மெனு, மூன்று பெட்டிகள், ஒரு படிவம், அடிப்பகுதி கொண்ட ஒரு பக்கத்தைக் கையால் எழுதி, 360 பிக்சல் அகலத்திலும் 1200-லும் சரிபார்த்துவிடுங்கள். பிறகு அதே பக்கத்தை பூட்ஸ்ட்ராப்பில் கட்டுங்கள். அதன் ஒவ்வொரு கிளாஸையும் எஃப்12-இல் திறந்து, உள்ளே எந்த சிஎஸ்எஸ் வரி இருக்கிறது என்று உங்கள் கோப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். வைவாவில் கேள்வி வருவதும் பெரும்பாலும் அந்த வரிகளிலிருந்துதான்.