கோஸ்டா ரிக்காவில் அன்றாடச் சாப்பாடு: சோடாவா, சந்தையா, சூப்பர் மார்க்கெட்டா?

கோஸ்டா ரிக்காவுக்குக் குடிவர நினைப்பவர்கள் வாடகைக்கு அடுத்தபடியாகக் கேட்பது, சாப்பாட்டுக்கு மாதம் எவ்வளவு ஆகும் என்பதைத்தான். எங்கே வாங்குகிறீர்கள் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. சான் ஹோசே, எரேதியா, அலாஹுவேலா என்று நீளும் மத்தியப் பள்ளத்தாக்கில் மூன்று வழிகள் உண்டு: சோடா எனப்படும் சின்னச் சாப்பாட்டுக் கடை, வார இறுதி விவசாயிகள் சந்தை, சூப்பர் மார்க்கெட். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டுச் சமையலுக்குச் சந்தை, வேலை நாள் மதியத்துக்குச் சோடா. சூப்பர் மார்க்கெட்டை மிச்சம் மீதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வருகிற பலரும் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, ஊர் விலை அதிகம் என்று வருந்துகிறார்கள்.

சோடாவில் மதியம் கேட்க வேண்டியது கசாதோ. ஒரே தட்டில் சோறு, கறுப்பு பீன்ஸ், முட்டைக்கோஸ் சாலட், பொரித்த பழுத்த வாழை, ஏதாவது ஒரு காய்க் கூட்டு, அதோடு மீனோ கோழியோ முட்டையோ. பல இடங்களில் பழச்சாறும் சேர்த்தே தருவார்கள். சுற்றுலாக் கூட்டம் இல்லாத ஊரில் சுமார் 3,000 முதல் 4,500 கொலோனுக்கு (கொலோன் என்பது இந்நாட்டு நாணயம்) வயிறு நிறைந்துவிடும். பெரிய உணவகத்தில் உட்கார்ந்தால் 13% வரி, 10% சேவைக் கட்டணம் இரண்டும் உண்டு. பட்டியலில் உள்ள விலையில் அவை சேர்ந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள். அந்த 10% கட்டணத்துக்கு மேல் டிப்ஸ் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

காலையில் காயோ பிந்தோ. முந்தின நாள் சோற்றையும் பீன்ஸையும் வெங்காயம், குடைமிளகாய், கொத்தமல்லியோடு வதக்கி, லிசானோ என்ற உள்ளூர் சாஸ் ஊற்றித் தருவார்கள். அருமையான சாப்பாடு. ஆனால் நம் நாக்கு சில நாளிலேயே காரம் தேட ஆரம்பித்துவிடும். மேஜையில் வினிகரில் ஊறிய மிளகாய், காய்கறி ஜாடி இருந்தால் அதுதான் துணை. சைவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கோழியோ ஹாமோ வந்து நிற்கும். பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ந்திருக்கவும் கூடும். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்பதுதான் வழி. கேட்டால் முகம் சுளிக்காமல் பதில் சொல்வார்கள்.

இனி சந்தை. ஸ்பானிய மொழியில் ஃபேரியா. விவசாயி நேரடியாக விற்பதற்காக 1970களின் கடைசியில் தொடங்கிய ஏற்பாடு இது. 2006இல் இதற்கென்று 8533ஆம் எண் சட்டமே வந்தது. சான் ஹோசேயில் ஞாயிறு காலை சபோத்தே சந்தை பெரியது. சனிக்கிழமை அராங்ஹுவேஸ் பகுதியில் கூடும் ‘ஃபேரியா வெர்தே’யில் இயற்கை விளைபொருள் கிடைக்கும், விலை கொஞ்சம் கூடுதல். மற்ற ஊர்களிலும் வார இறுதியில் ஏதாவது ஒரு நாள் சந்தை கூடும்.

தமிழ்ச் சமையல்காரருக்கு இங்கே கிடைக்கும் நிம்மதி வேறெங்கும் கிடைக்காது. சௌசௌ குவியல் குவியலாகக் கிடக்கும். கர்த்தாகோ பக்கம் உஹர்ராஸ் பள்ளத்தாக்கில் விளைவது; அந்தக் காய்க்குப் பூர்வீகமே மெக்சிகோ, மத்திய அமெரிக்க வட்டாரம்தான். பீன்ஸ், பூசணி, மரவள்ளிக்கிழங்கு, நியாம்பி என்ற பெயரில் சேப்பங்கிழங்கு, இஞ்சி, பச்சை மஞ்சள், தேங்காய், முள்சீத்தா எல்லாம் உண்டு. கொட்டையோடு பிசைந்த புளியும் கிடைக்கும். ஊர்க்காரர்கள் அதைக் கரைத்துச் சர்க்கரை போட்டுக் குடிப்பார்கள், நாம் ரசம் வைக்கலாம். ‘தாப்பா தே துல்சே’ என்பது தலை வெட்டிய கூம்பு வடிவில் வார்த்த கரும்பு வெல்லம். பொங்கலுக்கு வேறெதையும் தேட வேண்டாம். டிசம்பரில் தமால் (மக்காச்சோள மாவை இலையில் பொதிந்து வேகவைக்கும் பண்டம்) கட்டுவதற்காக வாழை இலை அடுக்கடுக்காக விற்பனைக்கு வரும். நான் அப்போது கூடுதலாக வாங்கிச் சாப்பாட்டுக்கும் வைத்துக்கொள்வேன்.

கிடைக்காதது என்ன? கறிவேப்பிலை, உளுந்து, துவரம்பருப்பு. சாம்பாருக்கு உடைத்த மஞ்சள் பட்டாணி ஓரளவு ஈடுகொடுக்கும். அதை சூப்பர் மார்க்கெட்டில் வாங்கலாம். சந்தைக்கு விடிந்ததும் போனால் நல்ல கீரையும் மீனும் கிடைக்கும், கடை கட்டும் நேரத்தில் போனால் விலை இறங்கும். இரண்டும் ஒரே நாளில் கிடைக்காது. கடைக்காரர் ‘ரோஹோ’ என்று கத்தினால் ஆயிரம் கொலோன், ‘தேஹா’ என்றால் நூறு. இவ்வளவு தெரிந்தால் பேரம் நடத்திவிடலாம்.

சூப்பர் மார்க்கெட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பலீ, மாக்சி பலீ மலிவு. ஆட்டோ மெர்காதோவில் இறக்குமதிப் பொருள் எல்லாம் உண்டு, விலையும் அதற்கேற்ப. பிரைஸ்மார்ட்டுக்கு உறுப்பினர் அட்டை வேண்டும். அரிசி, பீன்ஸ் போன்ற அடிப்படைப் பொருள்களுக்கு வரி 1%தான். சீமைச் சீஸ் போன்றவற்றுக்கு 13%. பழைய பழக்கத்தை அப்படியே தொடர்பவருக்கு இங்கேதான் பணம் கரைகிறது.

டாலரில் வருமானம் உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஓய்வூதியர் விசாவுக்கு மாதம் 1,000 டாலர் ஓய்வூதியம் காட்ட வேண்டும். 2022 நடுவில் ஒரு டாலர் 700 கொலோனை நெருங்கியது. 2024இல் 500 அளவுக்கு இறங்கிவிட்டது. அதே ஓய்வூதியம், ஏறக்குறைய ஏழு லட்சம் கொலோனாக இருந்தது ஐந்து லட்சம் சொச்சமானது. அப்படி இறுகிய நேரத்தில் சந்தைக்கு மாறியவர்கள் சமாளித்தார்கள்.

தனியாக வேலைக்கு வந்த இளைஞருக்குச் சோடாவே போதும். ஒருவருக்காகச் சமைத்துப் பாதியை வீணாக்குவதைவிட அது லாபம். குழந்தைகளோடு வந்தவர்கள் சந்தைப் பக்கம் போகட்டும். குவானகாஸ்தே கடற்கரையில் தங்குபவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே சுற்றுலா விலை சோடாவரை ஏறிவிடும். காரத்துக்காக ஏங்குகிறவர்கள் கரீபியக் கரையில் லிமோனுக்குப் போய்வாருங்கள். ரயில் பாதை போட ஜமைக்காவிலிருந்து வந்தவர்களின் சந்ததியார் தேங்காய்ப் பாலில் சோறும் பீன்ஸும் சமைக்கிறார்கள், முழு மிளகாயைப் போட்டு வாசனை ஏற்றுகிறார்கள். நாட்டிலேயே நம் நாக்குக்கு மிக நெருக்கமான சமையல் அதுதான் என்பேன்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். சந்தையில் உள்ளூர்க்காரர்கள் பலர் சின்பே மோவில் என்ற கைபேசிப் பணப்பரிமாற்றத்தில் கொடுக்கிறார்கள். அதற்கு உள்ளூர் வங்கிக் கணக்கு வேண்டும். வெளிநாட்டவர் வழக்கமான கணக்கு தொடங்க, திமெக்ஸ் எனப்படும் குடியிருப்பு அட்டையைக் கேட்பார்கள். அட்டை கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை ஆயிரம், இரண்டாயிரம் கொலோன் நோட்டுகளை வெள்ளிக்கிழமையே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் இருபதாயிரம் நோட்டை நீட்டினால் கடைக்காரரிடம் சில்லறை இருக்காது.