யுஎஃப்பி ஏ-60 சர்ஜ் பிரேக்: கப்ளர் உறுதி, கவனம் வேண்டியது நீல வயரில்

அமெரிக்கச் சாலைகளில் நடுத்தர அளவுப் படகு டிரெய்லர்களின் முகப்பில் அடிக்கடி பார்க்கும் பிரேக் கப்ளர் (டிரெய்லரைக் காரோடு இணைக்கும், பிரேக்கையும் இயக்கும் பாகம்), டெக்ஸ்டர் நிறுவனத்தின் யுஎஃப்பி ஏ-60. மொத்த எடை 6,000 பவுண்டு (சுமார் 2,720 கிலோ) வரைக்குமானது. காரின் பின்னால் கப்ளர் உட்காரும் பந்தின் மேல் இறங்கும் எடை 600 பவுண்டைத் தாண்டக் கூடாது. இந்தக் கணக்கில் படகு மட்டுமல்ல, டிரெய்லர், இன்ஜின், பெட்ரோல், நங்கூரம் எல்லாம் சேரும். 50 காலன் பெட்ரோலே கிட்டத்தட்ட 300 பவுண்டு. கணக்குப் போட்டு 5,500-ஐ நெருங்கினால் இதை விட்டுவிட்டு, இதைவிடப் பெரிய மாடலான ஏ-75 வாங்குவதே நல்லது.

சர்ஜ் பிரேக் என்பது டிரெய்லரின் தள்ளலிலேயே வேலை செய்வது. கார் வேகம் குறையும்போது பின்னால் வரும் டிரெய்லர் முன்னோக்கித் தள்ளும். அந்தத் தள்ளலில் கப்ளரின் உள்பகுதி நகர்ந்து மாஸ்டர் சிலிண்டரை அழுத்த, பிரேக் ஆயில் சக்கரங்களுக்குப் போகிறது. காருக்குள் பிரேக் கன்ட்ரோலர் தேவையில்லை. தண்ணீரில், அதுவும் உப்புத் தண்ணீரில், முங்கி எழும் டிரெய்லருக்கு எலெக்ட்ரிக் பிரேக்கைவிட இதுதான் பொருத்தம். உள்ளே அதிர்வை அடக்கும் டாம்பர் இருப்பதால் கிளம்பும்போதும் நிற்கும்போதும் உதறல் குறைவு. ‘டக் டக்’ என்று இடிக்க ஆரம்பித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த டாம்பரைத்தான்.

டிஸ்க் பிரேக் போடுவோர், டிஸ்க்குக்கான மாடலைக் கேட்டு வாங்க வேண்டும். டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டர்கள் பலவற்றில் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வு இருக்கும். அதை டிஸ்க்கோடு இணைத்தால் பேட் உரசிக்கொண்டே ஓடி, ஹப் சூடாகி, பேரிங் கிரீஸ் உருகி வழியும்.

டிஸ்க்குக்கு இன்னொரு துணையும் கட்டாயம்: ரிவர்ஸ் சோலினாய்டு, அதாவது மின்சாரத்தில் இயங்கும் வால்வு. ரிவர்ஸ் எடுக்கும்போதும் கார் டிரெய்லரைத் தள்ளுவதால், பிரேக் பிடித்துக்கொள்ளும். ரிவர்ஸ் விளக்கு எரியும்போது அதே மின்சாரம் சோலினாய்டுக்குப் போய் ஆயில் வழியை அடைக்கிறது. இதைக் கொண்டுபோவதுதான் ஐந்து பின் தட்டை பிளக்கின் நீல வயர். வெள்ளை எர்த், பழுப்பு டெயில் விளக்கு, மஞ்சள் இடது, பச்சை வலது, நீலம் ரிவர்ஸ்.

பெரிய ஆபத்து இங்கேதான். ஏழு பின் உருண்டை பிளக்கில் நீலம் எலெக்ட்ரிக் பிரேக்குக்கான வயர். ரிவர்ஸ் வருவது நடு பின்னில். நிறத்தை மட்டும் பார்த்து நீலத்தோடு நீலத்தை முறுக்கிவிட்டால், கன்ட்ரோலர் உள்ள வண்டியில் பிரேக் மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் சோலினாய்டு ஆயிலை அடைத்துவிடும். டிரெய்லர் பிரேக் தேவைப்படும் அந்த நொடியிலேயே செத்துப்போகும். பழுப்போடு இணைத்தாலோ, ஹெட்லைட் போட்ட நேரமெல்லாம் பிரேக் கிடையாது. விளக்குகள் எல்லாம் ஒழுங்காக எரிவதால் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

சோதிக்கக் கால் மணி நேரம் போதும். வண்டிச் சக்கரத்துக்குக் கட்டை போட்டு, இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். மல்டிமீட்டரை நீலத்துக்கும் வெள்ளைக்கும் இடையில் வையுங்கள். ஹெட்லைட், இண்டிகேட்டர், பிரேக் மிதி, கன்ட்ரோலரின் கைப்பிடி, எதைத் தொட்டாலும் பூஜ்யம் காட்ட வேண்டும். ரிவர்ஸில் மட்டும் 12 வோல்ட். அடுத்து டிரெய்லர் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, நீலத்துக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே மாஸ்டர் சிலிண்டரை அழுத்தினால் சக்கரம் தடையின்றிச் சுற்ற வேண்டும். அழுத்தத்தை விட்டு, மின்சாரத்தை எடுத்து, மறுபடி அழுத்தினால் நின்றாக வேண்டும். மின்சாரம் இல்லாமலும் நிற்கவில்லையென்றால் சோலினாய்டு அடைபட்டிருக்கலாம், அல்லது குழாயில் காற்று.

பிரேக் குழாயிலிருந்து காற்று எடுக்கும்போது கப்ளரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள். இரட்டை அச்சென்றால் பின் அச்சு முதலில். காலிப்பரின் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) காற்றுத் திருகு மேல்பக்கம் இருக்க வேண்டும். இடது வலது மாற்றி மாட்டியிருந்தால் அது கீழே போய்விடும், எவ்வளவு அடித்தாலும் காற்று போகாது. ஊற்ற வேண்டியது டாட் 3 தர பிரேக் ஆயில், மூடி பிரிக்காத புதுப் புட்டி. இந்த ஆயில் ஈரத்தை உறிஞ்சும். புதிதாக 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காதது, ஈரம் ஏறியபின் 140-லேயே கொதிக்கலாம். நிறம் கறுத்துவிட்டால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

ஏ-60-இன் பிரேக்அவே கேபிளை (டிரெய்லர் கழன்றால் இழுபட்டு பிரேக்கைப் பிடிக்க வைப்பது) வண்டியின் சட்டத்தில் மாட்டுங்கள். பந்து பொருத்திய கம்பியில் வேண்டாம். அந்தக் கம்பியே கழன்று வந்தால் கேபிள் இழுபடாது. திருப்பத்தில் இறுகாத அளவு தளர்வும் வேண்டும். ஒரு தடவை தெரியாமல் இழுபட்டால்கூடப் பிரேக் பிடித்தபடியே வண்டி ஓடும். இந்தக் கேபிளைப் பார்க்கிங் பிரேக்காகப் பயன்படுத்தவும் கூடாது.

விளக்குகளைப் பொறுத்தவரை, முழுக்க அடைத்த எல்இடியே வாங்குங்கள். பந்து வழியாக எர்த் கிடைக்கும் என்று நம்பாமல், ஒவ்வொரு விளக்குக்கும் தனி வெள்ளை வயர் இழுங்கள். விளக்குகள் எரியும்போது விளக்கின் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எங்கோ துரு. வயரைக் குத்திப் பிடிக்கும் கிளிப்புகள் உப்புத் தண்ணீருக்கு ஆகாது. உள்ளே பசையுள்ள, சூட்டில் சுருங்கும் உறை போட்ட இணைப்பே நிலைக்கும். டிரெய்லர் 80 அங்குலமோ அதற்கு மேலோ அகலமென்றால் பின்புறம் நடுவில் மூன்று சிவப்பு விளக்கும் சட்டப்படி வேண்டும்.

கப்ளரின் துத்தநாகப் பூச்சு நல்ல தண்ணீருக்குப் போதும். கடலில் இறக்குவோர் ஒவ்வொரு முறையும் காலிப்பரையும் கப்ளரின் உள்பக்கத்தையும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். காலிப்பரை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலேயே வாங்கிவிடுவது மேல். பல மாநிலங்களில் 3,000 பவுண்டிலேயே டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம், சிலவற்றில் அதற்கும் குறைவிலேயே. சிறிய படகு வைத்திருப்போரும் தங்கள் மாநில விதியைப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.